காமிக்ஸின் பின்னட்டையில் ஒரு துப்பாக்கி

அமெரிக்கச் சிற்றூர்களில் வளர்ந்து இப்போது எழுபதைத் தாண்டிவிட்ட ஆண்கள் பலருக்கு ஒரு பொதுவான நினைவு உண்டு. மரக்கட்டை பூட்டிய ஒரு சின்னத் துப்பாக்கி, அதன் பக்கவாட்டில் தொங்கும் தோல் வார். பிறந்தநாளுக்கோ கிறிஸ்துமஸுக்கோ அப்பாவோ தாத்தாவோ வாங்கித் தந்தது. அதைப் பற்றிப் பேசச் சொன்னால், துப்பாக்கி கைக்கு வந்த நாளிலிருந்து அவர்கள் தொடங்குவதில்லை. அதற்கும் பல மாதம் முன்பு, காமிக்ஸ் புத்தகத்தின் பின்னட்டையில் அதன் படத்தைப் பார்த்த நாளிலிருந்துதான் கதை ஆரம்பிக்கிறது.

இந்தக் கட்டுரை அந்தப் படத்தைப் பற்றியது. பழைய துப்பாக்கி விளம்பரங்கள்மீது இன்றும் பலருக்கு ஏன் அவ்வளவு ஏக்கம், அது எங்கிருந்து வந்தது, எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்று பார்க்கலாம். துப்பாக்கியையே தொட்டறியாதவர்களுக்கும் இது புரியும். ஏனென்றால் விஷயத்தின் நடுவில் இருப்பது ஒரு பையனும் அவன் அப்பாவும்.

முதலில் அந்தச் சொல். இந்த ஏக்கத்தை ஆங்கிலத்தில் ‘நாஸ்டால்ஜியா’ என்கிறார்கள். 1688ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மருத்துவம் படித்த யோஹான்னஸ் ஹோஃபர் தன் ஆய்வேட்டுக்காக உண்டாக்கிய சொல் அது. வீடு திரும்புதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் வலியைக் குறிக்கும் இன்னொரு சொல்லையும் ஒட்டி, ஊரைப் பிரிந்தவர்களுக்கு வரும் ஒரு நோய்க்குப் பெயராக வைத்தார். அப்போது அது இடத்தைப் பற்றியது. ஊர் என்றால் வண்டி ஏறிப் போய்விடலாம். இன்று அந்தச் சொல் பெரும்பாலும் காலத்தைக் குறிக்கிறது. பத்து வயதுக்குத் திரும்பிப் போக எந்த வண்டியும் இல்லை. அதனால் மனம் கைக்கு அகப்படும் ஒரு பொருளைப் பிடித்துக்கொள்கிறது: ஒரு தகர டப்பா, ஒரு பழைய காலண்டர், ஒரு துப்பாக்கி.

ஆனால் துப்பாக்கி ஏன்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கிராமப்புறத்தில் இருந்தார்கள். நகரவாசிகள் எண்ணிக்கையில் முந்தியது 1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான். பண்ணை வீட்டில் துப்பாக்கி ஒரு வேலைக் கருவி. தானியக் களஞ்சியத்து எலி, சமையலுக்கு ஆகும் முயல், அணில் என்று அதற்கு அன்றாடம் வேலை இருந்தது. பையன்கள் அதைப் படிப்படியாகக் கையில் எடுத்தார்கள். எட்டு, ஒன்பது வயதில் காற்றுத் துப்பாக்கி. பன்னிரண்டு வாக்கில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டா போடக்கூடிய .22 ரைபிள், அதாவது 0.22 அங்குலக் குழல் கொண்ட சின்ன ரைபிள். அப்புறம்தான் பெரியவர்களின் வேட்டைத் துப்பாக்கி. ஒற்றைத் தோட்டா ரைபிள் விலையும் குறைவு, பாடமும் நல்ல பாடம். அடுத்த தோட்டா கையால் எடுத்துப் போட வேண்டும் என்பதால் குறி தவறக்கூடாது என்ற கவனம் தானாக வரும்.

இந்தப் படிகளில் முதல் படியைத்தான் விளம்பரங்கள் பிடித்துக்கொண்டன.

காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. நம் ஊர்ப் பொருட்காட்சியில் பலூன் சுடக் கொடுப்பார்களே, அதே வகைதான். உள்ளே ஒரு கனமான ஸ்பிரிங், அதன் முனையில் ஒரு பிஸ்டன். அடியிலுள்ள லீவரை இழுத்தால் ஸ்பிரிங் அமுங்கி ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விசையை அழுத்தியதும் கொக்கி விடுபடும், பிஸ்டன் பாயும், அதன் முன்னால் இருக்கும் காற்று நசுங்கி, நாலரை மில்லிமீட்டர் அளவுள்ள இரும்புக் குண்டைக் குழலுக்கு வெளியே தள்ளும். சைக்கிள் பால்ரஸ் மாதிரி பளபளக்கும் குண்டு. வினாடிக்குச் சுமார் நூறு மீட்டர் வேகம்தான் என்பதால், நல்ல வெயிலில் பின்னால் நின்று பார்த்தால் குண்டு ஒரு மினுக்காக வளைந்து போவது கண்ணுக்கே தெரியும். தகர டப்பாவில் பட்டால் ‘டிங்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகத்தான் ஒரு தலைமுறையே கொல்லைப்புறத்தில் கிடந்தது.

இந்தச் சாமானைப் பெயர்பெறச் செய்த நிறுவனம் டெய்சி. அதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. மிச்சிகன் மாநிலத்தின் பிளிமத் ஊரில் 1880களில் இரும்புக் காற்றாலை செய்யும் நிறுவனம் ஒன்று இருந்தது. விவசாயிகளுக்குக் கிணற்று நீர் இறைக்கும் காற்றாலை. கிளாரன்ஸ் ஹாமில்டன் என்பவர் உலோகத்தாலேயே செய்த ஒரு காற்றுத் துப்பாக்கியை அங்கே கொண்டுவந்து காட்டினார். மேலாளர் லூயிஸ் காஸ் ஹஃப் சுட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் காலப் பேச்சு வழக்கில் ‘பையா, இது ஒரு டெய்சி!’ என்றாராம். டெய்சி ஒரு பூவின் பெயர். அன்றைய பேச்சில் ‘அருமையான சரக்கு’ என்றும் பொருள். காற்றாலை வாங்கும் விவசாயிக்கு இந்தத் துப்பாக்கியை இலவச இணைப்பாகக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் காற்றாலையைவிட இலவசத்துக்குக் கேட்பு அதிகமாகிவிட்டது. 1895ல் நிறுவனம் தன் பெயரையே டெய்சி என்று மாற்றிக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. காற்றாலை அப்பாவுக்கு, துப்பாக்கி மகனுக்கு. முதல் நாளிலிருந்தே இந்தப் பொருள் ஒரு தகப்பன் கையிலிருந்து ஒரு பிள்ளை கைக்குப் போவதற்காக உண்டானது. பின்னால் வந்த அத்தனை விளம்பரமும் இந்த ஒரு கைமாற்றத்தைத்தான் திரும்பத் திரும்ப வரைந்து காட்டியது.

பையன்கள் படிக்கும் இதழ்களில் விளம்பரங்கள் வந்தன. சாரணர் இயக்கத்தின் ‘பாய்ஸ் லைஃப்’ அவற்றுள் ஒன்று. டெய்சி மட்டுமல்ல, வின்செஸ்டர், ரெமிங்டன் போன்ற பெரிய துப்பாக்கி நிறுவனங்களும் அதில் இடம் வாங்கின. அந்த விளம்பரங்கள் மூன்று பேரிடம் ஒரே நேரத்தில் பேசும். பையனிடம் ஆசையைச் சொல்லும். பணம் வைத்திருக்கும் அப்பாவிடம், இது உன் மகனை ஆண்மகனாக்கும், பொறுமையும் பொறுப்பும் கற்றுக்கொடுக்கும் என்று சொல்லும். பயப்படும் அம்மாவிடம், ஒன்றும் ஆகாது என்று சொல்லும். அப்பாவிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று பையனுக்குச் சொல்லித்தரும் விளம்பரங்கள்கூட உண்டு. பணம் இல்லாத பையன்களுக்கும் வழி இருந்தது. டெய்சியை உண்டாக்கிய அதே ஹாமில்டன் பிறகு தனியாகப் போய் மிக மலிவான .22 ரைபிள்கள் செய்தார். வீடுவீடாகப் போய்ச் சாமான் விற்றுக் கொடுக்கும் பையன்களுக்குப் பரிசாக அவை போய்ச் சேர்ந்தன.

வின்செஸ்டர் இன்னும் ஒரு படி மேலே போனது. 1917ல் சிறுவர்களுக்கென்று ஒரு ரைபிள் படையையே தொடங்கி, குறிபார்த்துச் சுடுவோருக்குப் பதக்கம் கொடுத்தது. பதக்கத்துக்குக் குறிபார்க்கும் பையனுக்குத் துப்பாக்கி வேண்டும், தோட்டாவும் தொடர்ந்து வேண்டும். நல்ல பயிற்சியும் நல்ல வியாபாரமும் ஒரே கயிற்றில் முறுக்கியிருந்தன. அந்தப் படையில் இருந்தவர்கள் உண்மையிலேயே ஒழுக்கமாகச் சுடக் கற்றுக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்புறம் ஓவியங்கள். துப்பாக்கி, தோட்டா நிறுவனங்கள் ஆண்டுதோறும் கடைகளுக்கு வண்ணக் காலண்டர்களும் சுவரொட்டிகளும் அனுப்பின. அவற்றை வரைந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. என்.சி. வையத், பிலிப் ஆர். குட்வின் போன்ற கைதேர்ந்த ஓவியர்கள். குட்வினின் படங்களில் ஒரு வகை எனக்கு மறக்காது. மலைப்பாதையில் இரண்டு வேட்டைக்காரர்கள் திரும்புகிறார்கள், எதிரே கரடி. அல்லது படகில் இருக்கிறார்கள், கரையில் ஒரு பெரிய கடம்பை மான். துப்பாக்கி தோளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. படம் அங்கேயே நின்றுவிடும். அடுத்த நொடி என்ன ஆகும் என்று பார்ப்பவர் மனம்தான் முடிக்க வேண்டும். பழைய துப்பாக்கி ஓவியங்களில் பெரும்பாலானவை இப்படிச் சுடுவதற்கு முந்தைய நொடியில் நிற்பவை. ரத்தம் இல்லை, சத்தம் இல்லை, அழுகை இல்லை. பைன் மரங்களும் காலைப் பனியும்தான் இருக்கும். அறுபது வருடம் கழித்து நினைத்தாலும் அந்த நொடி அப்படியே இனிப்பாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

எல்லா விளம்பரமும் அவ்வளவு அழகானதல்ல. ஒன்றை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மாசசூசெட்ஸின் ஐவர் ஜான்சன் என்ற கைத்துப்பாக்கி நிறுவனம் 1900களின் தொடக்கத்தில் வெளியிட்டது. கட்டிலில் இரவு உடையில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவளுடைய பொம்மை. அவள் கையில் ரிவால்வர். கீழே அவள் சொல்வதாக ஒரு வரி: ‘இது நம்மை ஒன்றும் செய்யாதென்று அப்பா சொன்னார்.’ தவறி வெடிப்பது நடக்கவே நடக்காது என்ற உறுதிமொழியும் உண்டு. அந்த உறுதிமொழி முழுப் பொய் இல்லை. துப்பாக்கியின் சுத்தியல் பகுதியை ஆணி அடிக்கும் சுத்தியலால் ஓங்கித் தட்டினாலும் வெடிக்காதபடி ஒரு நல்ல பொறி அதில் இருந்தது. கீழே விழுந்தால் வெடிக்காது. ஆனால் விசையை இழுத்தால் வெடிக்கும். விசையை எந்த விரல் இழுக்கிறது என்று எந்தப் பொறிக்கும் தெரியாது. அந்தப் பெண்ணின் விரல் அங்கே எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

இந்தப் படத்தைப் பார்த்து யாரும் இன்று ஏங்குவதில்லை, அதிர்ந்துதான் போகிறார்கள். ஆனால் காற்றுத் துப்பாக்கிப் பையனின் படத்தையும் இந்தப் படத்தையும் வரைந்த மனசு ஒன்றுதான். இரண்டிலும் விற்கப்படுவது அப்பாவின் வாக்கு.

சரி, இப்போது அந்தத் தோல் வார் தொங்கும் துப்பாக்கிக்கு வருவோம். ஃப்ரெட் ஹார்மன் என்பவர் 1938லிருந்து வரைந்த கௌபாய் படக்கதையின் நாயகன் பெயர் ரெட் ரைடர். அவன் பெயரை உரிமம் வாங்கி டெய்சி 1940ல் ஒரு காற்றுத் துப்பாக்கி கொண்டுவந்தது. மரக்கட்டையில் ரெட் ரைடரின் பெயர் சூடு போட்டது மாதிரி பதிந்திருக்கும். காமிக்ஸுக்குள்ளே நாயகன், பின்னட்டையில் அவன் துப்பாக்கி. கதை எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்று பத்து வயசுப் பையனுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. உலகப்போரில் உலோகம் போர்க்களத்துக்குப் போனதால் சில வருடம் உற்பத்தி நின்றது. அந்த வருடங்களில் கேட்டும் கிடைக்காமல் போனவர்களின் ஏக்கம் தனி ரகம்.

1983ல் ‘எ கிறிஸ்மஸ் ஸ்டோரி’ என்ற படம் வந்தது. ஜீன் ஷெப்பர்ட் என்ற எழுத்தாளரின் சிறுவயதுக் கதைகளிலிருந்து எடுத்தது. கிறிஸ்துமஸுக்கு ரெட் ரைடர் துப்பாக்கி வேண்டும் என்று தவியாய்த் தவிக்கும் ஒரு பையன், கண் போய்விடும் என்று மறுக்கும் பெரியவர்கள். படத்தில் வரும் துப்பாக்கியின் கட்டையில் ஒரு திசைகாட்டியும், நிழலை வைத்து மணி பார்க்கும் ஒரு சின்ன அமைப்பும் இருக்கும். உண்மையான ரெட் ரைடரில் இவை இருந்ததே இல்லை. டெய்சி 1934ல் பக் ஜோன்ஸ் என்ற சினிமா நடிகரின் பெயரில் வெளியிட்ட வேறொரு துப்பாக்கியில்தான் இருந்தன. இரண்டு துப்பாக்கிகளும் ஷெப்பர்டின் நினைவில் ஒன்றாகக் கலந்துவிட்டன. படத்துக்கென்று டெய்சி அந்தக் கற்பனைத் துப்பாக்கியைத் தனியாகச் செய்து கொடுத்தது. பிறகு அதே மாதிரியை நினைவுப் பதிப்பாகக் கடையிலும் விற்றது.

கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. ஒருவர் மனத்தில் தப்பாகச் சேர்ந்த ஒரு நினைவு, திரைப்படமாகி, அப்புறம் தொழிற்சாலையில் நிஜப் பொருளாகி, கடைக்கு வந்து, அதை வாங்கி மாட்டிவைத்தவர்களின் நினைவாகவும் ஆனது. ஏக்கம் வேலை செய்யும் விதத்தை இதைவிடத் தெளிவாக என்னால் காட்ட முடியாது. வயதானவர்களைத் தங்கள் வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால், பத்து வயது தொடங்கி முப்பதுக்குள் நடந்தவைதான் அதிகம் மேலே வரும் என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தப் பருவத்தின் வாசலில் நின்றுகொண்டு பேசியவை இந்த விளம்பரங்கள். நினைவு பொருளை அப்படியே படம்பிடித்து வைப்பதில்லை. அதன்மேல் வைத்த ஆசையைத்தான் வைத்துக்கொள்கிறது. ஆசையை வரைந்து கொடுத்தது விளம்பரம் என்பதால், பல பேருடைய சொந்த நினைவில் ஒரு விளம்பர ஓவியனின் தூரிகையும் கலந்திருக்கிறது.

அதற்காக அந்த நினைவு பொய் என்று சொல்லமாட்டேன். அப்பா பின்னால் மண்டியிட்டு, தோளைத் தொட்டு, மூச்சை அடக்கு என்று காதருகில் சொன்னது நடந்ததுதான். வேலை வேலை என்று அலைந்த ஒரு மனிதர் ஒரு மதியம் முழுக்கத் தன் பிள்ளையோடு இருந்தது உண்மைதான். ஆபத்தான ஒன்றை உன்னை நம்பித் தருகிறேன் என்று ஒரு பெரியவர் சொல்லும்போது பிள்ளை மனத்தில் எழும் நிமிர்வு உண்மையானது. அந்த ஏக்கத்தின் நடுவில் இருப்பது இந்த நம்பிக்கை என்றுதான் நான் நம்புகிறேன். இரும்பும் மரமும் அதற்குச் சாட்சி, அவ்வளவுதான்.

அந்த உலகம் முடிந்த விதம் விளம்பரத்தோடேயே சம்பந்தப்பட்டது. 1963 பிப்ரவரியில் ‘அமெரிக்கன் ரைபிள்மேன்’ இதழில் சிகாகோவின் கிளெய்ன்ஸ் விளையாட்டுச் சாமான் கடை ஒரு விளம்பரம் கொடுத்திருந்தது. இத்தாலிய ராணுவம் கழித்துவிட்ட ரைபிள், தொலைநோக்கியோடு 19.95 டாலர். விளம்பரத்தின் கூப்பனைப் பொய்ப் பெயரில் நிரப்பி, தபால் செலவு 1.50 சேர்த்து 21.45 டாலருக்கு மணியார்டர் அனுப்பி ஒருவர் அதை வாங்கினார். அவர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அந்த ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி டல்லஸில் ஜனாதிபதி கென்னடியைக் கொன்றது அந்த ரைபிள்தான். பையன்கள் ஆசையோடு நிரப்பிய கூப்பனுக்கும் அந்தக் கூப்பனுக்கும் வடிவத்தில் வித்தியாசமே இல்லை. 1968ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ஜனாதிபதியின் தம்பி ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. தனிநபர்கள் மாநிலம் கடந்து தபாலில் துப்பாக்கி வாங்குவது நின்றது. உரிமம் பெற்ற கடைக்காரர் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ரைபிள் விற்கக்கூடாது என்றானது. காற்றுத் துப்பாக்கி வெடிமருந்து இல்லாதது என்பதால் இந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. ரெட் ரைடர் இன்றும் கடையில் கிடைப்பது அதனால்தான்.

இன்று அந்த விளம்பரங்களைத் தகரப் பலகையாகவும் காலண்டராகவும் தோட்டா டப்பாவாகவும் சேர்ப்பவர்கள் ஏராளம். டெய்சி 1958ல் ஆர்க்கன்சா மாநிலத்தின் ரோஜர்ஸ் ஊருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே அதற்கென்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. வின்செஸ்டரின் பழைய சேகரிப்பைப் பார்க்க வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற நகருக்குப் போக வேண்டும்.

ஏக்கத்தில் இரண்டு வகை இருப்பதாக ஸ்வெட்லானா பாய்ம் என்ற அறிஞர் பிரித்துக் காட்டினார். போனதைத் திரும்பக் கட்டியெழுப்பத் துடிக்கும் ஏக்கம் ஒன்று. போனது போனதுதான் என்று தெரிந்து, அந்த இடைவெளியோடு வாழும் ஏக்கம் மற்றொன்று. துப்பாக்கி விஷயத்தில் இந்தப் பிரிவு வெறும் ஏட்டுப் படிப்பு இல்லை. சுவரில் ஒரு பழைய தகரப் பலகையை மாட்டி அப்பாவை நினைப்பவர் இரண்டாம் வகை. அந்தப் பலகையைக் காட்டி, அப்போதெல்லாம் பிள்ளைகள் கையில் துப்பாக்கி இருந்தது, ஒரு பிரச்சினையும் இருந்ததில்லை, இப்போதும் அப்படியே கொடுப்போம் என்பவர் முதல் வகை. ஒரு பிரச்சினையும் இருந்ததில்லை என்பது விளம்பரத்தின் வாசகம். கண்ணில் குண்டு பாய்ந்த பிள்ளைகள் அன்றும் இருந்தார்கள். அவர்கள் படம் எந்தக் காலண்டரிலும் வரவில்லை.

2013ல் கென்டக்கி மாநிலத்தில் ஓர் ஐந்து வயதுச் சிறுவன், தனக்குப் பரிசாக வந்த, குழந்தைகளுக்கென்றே சின்ன அளவில் செய்த .22 ரைபிளால் தன் இரண்டு வயதுத் தங்கையைத் தவறுதலாகச் சுட்டுவிட்டான். அவள் இறந்துபோனாள். துப்பாக்கி வீட்டு மூலையில் சாத்தியிருந்தது. உள்ளே ஒரு தோட்டா தங்கியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. அந்த ரைபிள் விற்கப்பட்டது ‘என் முதல் ரைபிள்’ என்ற வாசகத்தோடு. அந்த வாசகத்தில் நூறு வருட விளம்பரமும் அடங்கியிருக்கிறது. அதனால்தான் அதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. 2022ல் கலிபோர்னியா, சிறார்களைக் கவரும் துப்பாக்கி விளம்பரங்களுக்குத் தடை கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், அது பேச்சுரிமைக்கு முரணாக இருக்க வாய்ப்புண்டு என்று சொல்லிவிட்டது. வழக்கு சட்டத்தைப் பற்றியதாக இருந்தாலும், இரு பக்கமும் வாதாடுவது அந்தப் பழைய பின்னட்டைப் படத்தைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றும்.

பழைய பையன்கள் இதழ்களைப் புரட்டும்போது நான் தேடுவது ஒன்று உண்டு. விளம்பரத்தின் கீழ்மூலையில் புள்ளிக்கோடு போட்ட சின்னக் கூப்பன் இருக்கும். பெயர், ஊர், சில சமயம் வயது. சேகரிப்பவர்கள் கூப்பன் வெட்டாத பிரதியைத்தான் அதிக விலை கொடுத்து வாங்குவார்கள். எனக்குப் பிடித்தது வெட்டிய பிரதி. கத்தரிக்கோல் நேராகப் போகாமல் கோணலாகப் போயிருக்கும், பக்கத்தின் மறுபுறம் இருந்த கதையில் நாலு வரி சேர்ந்து போயிருக்கும். அந்த ஓட்டை வழியாக அடுத்த பக்கம் தெரியும்.